எந்த ஊர்த் தூசி இது?

2022 ஜனவரியில் பாகிஸ்தான் பக்கமிருந்து கிளம்பிய புழுதிப்புயல் கராச்சியை மூடிவிட்டு, அரபிக் கடலோரமாக இறங்கி மும்பையையும் புனேயையும் எட்டியது. நிறுத்தியிருந்த வண்டிகளின் மேல் வெண்பொடி படிந்தது. காற்றுத் தர எண் எகிறியது. அடுத்த சில நாளில் எண் இறங்கியது, பேச்சும் அடங்கியது. அந்தப் பொடி எவ்வளவு என்று நமக்குச் சொன்னார்கள், எதனால் ஆனது என்று சொல்லவில்லை. தூசியை எடை பார்ப்பதோடு நிறுத்தாமல், அதிலுள்ள கனிமங்களையும் பிரித்தறிந்து அன்றாடக் கணக்கோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் வாதம். இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 1962 முதல் இயங்கிவரும் புனேயைவிட அதற்குத் தோதான ஊர் நாட்டில் இல்லை.

ஆட்களை வைத்து இயக்கும் அளவீட்டு நிலையங்களில் நடப்பதைப் பார்த்தாலே குறை புரியும். கண்ணாடி இழைத் தாள் ஒன்றை எடை போட்டுக் கருவியில் செருகுகிறார்கள். மணிக்கணக்கில் காற்று அதன் வழியே இழுக்கப்படுகிறது. வெள்ளையாகப் போன தாள் சாம்பலாகவோ பழுப்பாகவோ திரும்பி வர, மறுபடியும் எடை போடுகிறார்கள். கூடிய எடைதான் கணக்கு. ஈயம், ஆர்செனிக், நிக்கல் ஆகியவற்றுக்குத் தனி வரம்பு உண்டு. மற்றபடி தாளின் நிறம் ஏன் மாறியது என்பதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இருக்காது. புனேயில் இது பெரிய இழப்பு, ஏனென்றால் இந்த ஊரின் மண்ணே ஒரு சாட்சி. தக்காணப் பீடபூமியின் இந்தப் பகுதி சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான பசால்ட் பாறை. அதில் குவார்ட்ஸ் அரிது. (பாறைக் குழிகளில் ஜியோலைட் படிகங்களோடு கொஞ்சம் கிடைக்கும்.) ஆனால் பாலைவனப் புழுதியில் குவார்ட்ஸும் கால்சைட்டும் இல்லைட் என்ற களிமண் கனிமமும் தாராளம். எனவே ஜல்லி உடைப்பும் கட்டட வேலையும் கிளப்பிய தூசியையும், கடல் கடந்து வந்த தூசியையும் கனிமங்களை வைத்துப் பெருமளவு பிரித்துவிடலாம். கால்சியத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், சிமென்டிலும் அது உண்டு. தனிமங்களை எண்ணினால் போதாது, கனிமமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

வருஷத்தில் சில நாள் வந்துபோகும் புழுதிக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அந்தப் புழுதி புனேக்கு வராத நாளிலும் நம் மழையில் கை வைக்கிறது. 2014-இல் வி. வினோஜும் சக ஆய்வாளர்களும் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, மேற்காசியாவிலிருந்து வந்து அரபிக் கடலின் மேல் மிதக்கும் புழுதி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குவதையும், ஒரு வார அளவில் மத்திய இந்தியாவில் மழை கூடுவதையும் தொடர்புபடுத்தியது. எவ்வளவு வெயிலை உறிஞ்சும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதிலுள்ள ஹேமடைட் போன்ற இரும்பு ஆக்சைடுகளின் பங்கு. செம்புழுதியும் வெண்புழுதியும் ஒரே எடை இருந்தாலும் வானத்தில் செய்யும் வேலை வேறு. மேகத்துக்குள் போனாலும் அப்படித்தான்: பொட்டாசியம் நிறைந்த ஃபெல்ட்ஸ்பார், களிமண்ணைக் காட்டிலும் திறமையாக நீர்த்துளியைப் பனிக்கட்டியாக்கும் என்று 2013-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். 2022 ஜூலையில் நாசா விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய 'எமிட்' கருவி வறண்ட நிலங்களின் கனிமங்களை மேலிருந்தே வரைபடமாக்குகிறது. ஆனால் அது காண்பது புழுதி கிளம்பும் தரையை. நம் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது என்ன என்பதை இங்கே பிடித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு மகாபலேஷ்வர் மலையில் புனே வானிலையியல் நிறுவனத்தின் மேக இயற்பியல் ஆய்வகமும் இருக்கிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. தூசி வெளிநாட்டிலிருந்து வந்தது என்று ஆதாரம் கொடுத்துவிட்டால், மாநகராட்சி கையைக் கழுவிக்கொள்ளாதா? தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் உள்ள நகரங்களில் புனேயும் ஒன்று என்பதால் இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் இன்று ஆதாரம் இல்லாததால்தான் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதி, சகாராப் புழுதி போன்ற இயற்கைத் தூசியின் பங்கைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கழித்தபின் மிஞ்சுவதற்கு நகரமே பொறுப்பு. கழிக்கத் தெரிந்தவனிடம்தான் மீதியைக் கேட்க முடியும்.

நுரையீரலுக்கு எல்லாத் தூசியும் ஒன்றுதானே என்போரும் உண்டு. இல்லை. குவாரித் தொழிலாளிக்கு சிலிகோசிஸ் தருவது படிக வடிவ சிலிக்கா. அதிலும் புதிதாக உடைந்த துகள், நெடுங்காலம் காற்றிலும் வெயிலிலும் கிடந்ததைவிடக் கொடியது. மிச்சமிருப்பது செலவு. சாதாரணக் கண்ணாடி இழைத் தாளிலேயே சிலிக்கா இருப்பதால் அது இந்தச் சோதனைக்குத் தோதுப்படாது; டெஃப்லான் தாள் வேண்டும், அதன் விலை கூடுதல்தான். ஆனால் எல்லா நாளும் தேவையில்லை. கோடையில் அரேபியப் புழுதி மிகுந்து வரும் மாதங்களிலும், புயல் எச்சரிக்கை உள்ள நாள்களிலும் மாற்றினால் போதும். வானிலையியல் நிறுவனம், தேசிய வேதியியல் ஆய்வகம், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் (ஐசர்) மூன்றும் புனேயின் பாஷாண் பகுதியில் ஒரே சாலையில் இருக்கின்றன. எக்ஸ் கதிரில் கனிமத்தை அடையாளம் காண்பது அங்கே புதிய வித்தையல்ல.