வாறுகால் எங்கே முடிகிறது?

எங்கள் வார்டு கவுன்சிலர் காலை ஏழு மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிடுவார். புதிய எல்.இ.டி. விளக்கு, பேவர் பிளாக் பதித்த சந்து, கொசு மருந்து அடிக்கும் தூய்மைப் பணியாளர், பூமி பூஜை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே "நமது வார்டு வளர்ச்சிப் பணி" என்று ஒரு வரி. கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு நகராட்சியின் கடைக்கோடி வார்டு எங்களுடையது. பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கவுன்சிலர் எங்கள் தெருக்காரர், எனக்கு அக்கா முறை.

போன மாதம் வந்த படத்தில் ஒரு புது வாறுகால் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். "நல்லாத்தான் கட்டியிருக்காக. அது எங்க போயி முடியுதுன்னு படம் போட்டாகளா?" என்று கேட்டார்.

உள்ளாட்சி நிர்வாகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலையே அந்த வாறுகாலோடு நடந்து பார்த்தேன். கடைவீதியில் தொடங்கி, ஓட்டல்கள், திருமண மண்டபம், கறிக்கடைகளின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஊர்த்தெருக்களில் மூடிபோட்டு வருகிறது. எங்கள் தெரு முனையில் மூடி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இருநூறு அடியில் வாறுகாலும் நின்றுவிடுகிறது. ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் எந்த வீடுகளுக்குள் போகும் என்பதை இதைப் படிக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை.

அலுவலகத்தில் கேட்டால் "மட்டம் தாழ்வான பகுதி சார், தண்ணி அங்கதான் வரும்" என்கிறார்கள். தாழ்வான பகுதியில் எங்களைக் குடியமர்த்தியது யார் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. இதே பள்ளத்தாக்கில் லோயர்கேம்பிலிருந்து முல்லைப் பெரியாற்று நீரைக் குழாய்வழியே மதுரை மாநகருக்குக் கொண்டுபோகத் திட்டம் போட முடிந்தது. மதுரைக்காரர்களுக்கும் தாகம் உண்டு, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் மலையடிவாரத்திலிருந்து மாநகர் வரை மட்டம் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு தெருவின் கழிவுநீரை ஊருக்கு வெளியே கொண்டுசேர்க்க மட்டம் தடையாக இருக்கிறது என்றால் நம்புவது கடினம்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். பள்ளி விண்ணப்பத்தில் முகவரி எழுதும்போது பேனா ஒரு நொடி தயங்கிய அனுபவம் எனக்கு உண்டு. என் தெருப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்க்காமலே எங்கள் தெருவை இன்றும் கண்டுபிடிக்கலாம். வாறுகாலின் மூடி எங்கே முடிகிறதோ, அங்கே எங்கள் தெரு தொடங்குகிறது.

இவ்வளவையும் குறிப்பெடுத்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் கோபமாகத்தான் போனேன். "நீங்க இருந்தும் ஏன்க்கா இப்படி?" என்றேன். அவர் மன்றக் கூட்ட அஜெண்டாவை எடுத்துக் காட்டினார். பணிகளின் பட்டியல் அவர் கைக்கு வரும்போதே முடிவாகியிருக்கும். "தம்பி, கூட்டத்துல கைதூக்குறதுதான் என் வேலைன்னு நெனைக்கிறாக. ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன். அடுத்த நிதியில பாக்கலாம்னாக" என்றார்.

அப்படியானால் வாறுகாலை எங்கள் தெருவைத் தாண்டி நீட்டச் சொல்லி மனு போடலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "தாண்டி இழுத்தா அடுத்தது அருந்ததியர் தெரு. அவுக வாசல்ல போயி நிக்கும். அவுக எங்க தம்பி தள்ளுவாக?"

எனக்குப் பதில் இல்லை. படிநிலைப்பட்ட சமத்துவமின்மை பற்றி அம்பேத்கர் எழுதியதை என் ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். என் கோரிக்கைக்குள்ளேயே அது உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தவறினேன். ஊர் முழுக்க வாறுகாலுக்குள் இறங்கி அள்ளுகிறவர்கள் குடியிருக்கும் தெரு அது. எங்கள் வாசலைச் சுத்தமாக்க அவர்கள் வாசலைக் கேட்டிருக்கிறேன். மேலே இருப்பவர்கள் நமக்குச் செய்வதை நாம் பக்கத்துத் தெருவுக்குச் செய்தால், அதை வளர்ச்சிப் பணி என்று ஸ்டேட்டஸ் போட நமக்கு என்ன தகுதி?

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் நகர்மன்றங்களில் இடம் தந்தது. பெண்களின் பங்கைத் தமிழ்நாடு பின்னர் 50 விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016இல் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 வரை நகர்ப்புறத் தேர்தலே நடக்கவில்லை. தேனி மாவட்டத்தின் 6 நகராட்சிகளிலும் 22 பேரூராட்சிகளிலும் அத்தனை காலமும் அதிகாரிகளே ஆண்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த நாற்காலி இது. இதன் அருமை எனக்குத் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை, தலைவர் பதவி தனி ஒதுக்கீடு என்பதற்காகவே ஊராட்சித் தேர்தலை நடத்தவிடாமல் வைத்திருந்தார்கள். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் அந்த ஊர்கள்தான்.

நாற்காலிக்கும் தீர்மானத்துக்கும் அப்பால் என்ன வேண்டும் என்பதற்கு மகத் நினைவுக்கு வருகிறது. மகத் போராட்டத்தை நாம் பெரும்பாலும் குளத்திலிருந்து தொடங்குகிறோம். அது ஒரு நகராட்சித் தீர்மானத்தின் கதையும்கூட. 1923இல் பம்பாய் சட்டமன்றம் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்றது. பொது நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்றது அது. அதைப் பின்பற்றி 1924இல் மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. அது காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டு நடந்துபோய் நீரை அள்ளிய பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. பயந்துபோன நகராட்சி அதே ஆகஸ்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கு 1937 வரை நடந்தது, உயர் நீதிமன்றத்தில் நாம் வென்றோம்.

இன்று நாம் நடக்க வேண்டிய இடம் பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சிகள் தினத்தில், தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராமங்களுக்குக் கிராம சபை போல நகரத்துக்கு இது. எங்கள் வார்டில் அதன் பிறகு நடந்த கூட்டங்களில் ஒன்றுக்குக்கூட நான் போனதில்லை. பல்கலைக்கழகத்தில் 'பங்கேற்பு ஜனநாயகம்' குறித்துக் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து பேரோடு அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் பிரதிநிதியை மன்றத்துக்குள் அனுப்பிவிட்டு, அவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. "அடுத்த நிதியில பாக்கலாம்" என்று அவரிடம் எளிதாகச் சொல்ல முடிந்ததற்கு எங்கள் காலி நாற்காலிகளும் காரணம்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு தெருவும் சேர்ந்து போவது என்று பேசியிருக்கிறோம். அருந்ததியர் தெருவின் இளைஞர்கள் முதலில் எங்களை நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. அவர்கள் திருத்தித் தந்த பிறகு மனுவில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வாறுகால் கடைசியாகச் சேரும் இடம் எது? அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு என்ன? அதில் மனிதர்கள் இறங்காமல் அள்ள என்ன இயந்திரம், எப்போது? மூன்றாவது கேள்வி அவர்களுடையது. நான் எழுதிய முதல் வரைவில் அது இல்லை.

உங்கள் வார்டிலும் காலையில் படம் வரும். விரும்பிவிட்டுக் கடந்துபோகாதீர்கள். ஒரு மாலை அந்தப் படத்தில் உள்ள வாறுகாலோடு கடைசி வரை நடந்து பாருங்கள். அது நிற்கும் இடத்தில் யார் வீடு இருக்கிறது என்று பாருங்கள். அந்த வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு பகுதி சபைக்குப் போங்கள்.