பத்தாம் வகுப்பிலேயே சொல்லுங்கள்

உயர்கல்வி வழிகாட்டி முகாம்கள் எங்கள் பகுதியில் பிளஸ் டூ தேர்வு முடிந்த பிறகே நடக்கின்றன. அதற்குள் பல வழிகள் அடைபட்டுவிடுகின்றன. பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு எடுத்தவர் அந்தப் பாடங்களை மட்டும் வைத்து மருத்துவம் படிக்க நீட் எழுத முடியாது, ஆனால் சி.ஏ. படிக்க எந்தப் பிரிவும் தடையில்லை. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் சேர்ந்து டிப்ளமோ முடித்தவர், பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாறினால் அது கைநழுவிவிடும். இவற்றையெல்லாம் பத்தாம் வகுப்பிலேயே, பெற்றோரையும் உட்காரவைத்து விளக்கப் பள்ளிக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

— ஒரு பெற்றோர், திண்டுக்கல்