ஏன் போனது?

பங்குனி உத்திரம் தொடங்கிச் சித்திரைத் திருவிழா முடியும்வரை நம் பட்டறைகளில் ஆம்ப்ளிஃபயர்கள் அடுக்கடுக்காக வந்து சேரும். "நாளைக்குக் கொடி ஏத்துறாங்க அண்ணே, இன்னைக்கே வேணும்" என்று மைக் செட்காரர் வாசலிலேயே நிற்பார். அந்த அவசரத்தில் நம்மில் பலரும் ஒரே தவறைச் செய்கிறோம். ஷார்ட்டான அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றியதும் நேரடியாக மின்சாரம் கொடுத்துவிடுகிறோம்.

இதற்கான விலையை நானும் கொடுத்திருக்கிறேன். ஒரு சேனலுக்கு ஐந்து ஜோடி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஆம்ப் அது. ஒரு ஜோடி போயிருந்தது. மாற்றி ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நொடியில் பத்தும் போயின. பிறகு நிதானமாகத் தேடியபோது பயாஸ் பிரிசெட்டின் நடுக்கால் தொடர்பு விட்டிருந்தது தெரிந்தது. அந்த போர்டில் பிரிசெட், பயாஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே இருந்தது. அங்கே தொடர்பு விட்டால் பயாஸ் வோல்டேஜ் ஏறி, பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் ஒரே நேரத்தில் கடத்தும். அதே பிரிசெட் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருந்திருந்தால் பயாஸ் இறங்கி, ஒலி கரகரத்ததோடு போயிருக்கும். நான் முதலில் பார்த்த ஷார்ட் விளைவு மட்டுமே. காரணத்தை போர்டிலேயே விட்டுவிட்டுப் புது டிரான்சிஸ்டர்களை அதற்குப் பலி கொடுத்திருக்கிறேன்.

காரணத்தைத் தேடும் வேலை மூடியைத் திறக்கும் முன்பே தொடங்குகிறது. ஒரு சேனலில் எத்தனை பாக்ஸ் மாட்டினார்கள் என்று கேளுங்கள். 8 ஓம் பாக்ஸ் நான்கை இணையாக மாட்டினால் சுமை 2 ஓம். 4 ஓமுக்குக் கட்டிய ஆம்ப் அதைத் தாங்காது. ஜெனரேட்டரா, மூன்று ஃபேஸ் இணைப்பா, பந்தலில் மற்ற விளக்குகளும் எரிந்து போயினவா என்று கேளுங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை வரலாம். அந்தப் பழுது பந்தலில் இருக்கிறது. நம் மேஜையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை கெப்பாசிட்டரின் சார்ஜை இறக்குவது. 70 வோல்ட் ரெயிலில் 10,000 மைக்ரோஃபாரட் இருந்தால் அதில் 24.5 ஜூல் ஆற்றல் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை ஐந்து நொடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரால் சரிபாருங்கள்.

இணையாக நிற்கும் டிரான்சிஸ்டர்களில் ஒன்று ஷார்ட்டானாலும் மீட்டருக்கு ஐந்துமே ஷார்ட்டாகத் தெரியும். எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை. பெஞ்ச் சப்ளையை ஓரிரு வோல்ட்டிலும் 1 ஆம்பியர் வரம்பிலும் வைத்து, ரெயிலுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவே கொடுங்கள். எமிட்டரில் உள்ள 0.22 ஓம் ரெசிஸ்டர்களில் எது 220 மில்லிவோல்ட் காட்டுகிறதோ, அதன் டிரான்சிஸ்டர்தான் போனது. அதோடு நிற்காமல் டிரைவர்கள், பேஸ் ரெசிஸ்டர்கள், பயாஸ் டிரான்சிஸ்டர், அதைச் சுற்றியுள்ள சால்டர் என ஒவ்வொன்றையும் பாருங்கள்.

மாற்றிய பிறகு ஸ்பீக்கர் இல்லாமல், 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் வைத்து மின்சாரம் கொடுங்கள். ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. சுவிட்ச் மோட் சப்ளை உள்ள ஆம்புகளில் இந்தச் சோதனை குழப்பும். அவற்றுக்குத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் வழியே வழி. அடுத்து அவுட்புட்டில் டிசி பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஸ்பீக்கர் பக்கமே போகாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் சுமார் 6 ஓம்தான். 70 வோல்ட் முழுதாக வந்தால் 800 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகக் காயிலில் இறங்கும்.

போலி டிரான்சிஸ்டர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியின் டேட்டாஷீட் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் என்கிறது. அதே எழுத்து அச்சிட்ட போலியின் உள்ளே சிறிய சிப் இருக்கும். மீட்டரில் நல்லதாகவே காட்டும், சுமை ஏறியதும் வெடிக்கும். போனதை உடைத்து, நல்லதென்று தெரிந்த பழையதின் சிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை மலிவாக இருந்தால் வாங்கும்போதே சந்தேகப்படுங்கள்.

தோழர்களே, நம் ஜாப் கார்டில் 'என்ன மாற்றினோம்' என்ற இடம் இருக்கிறது. அதன் பக்கத்தில் 'ஏன் போனது' என்று இன்னொரு கட்டத்தைப் போடுங்கள். அதை நிரப்பாமல் எந்த ஆம்பையும் வெளியே அனுப்ப வேண்டாம். உங்களிடம் வேலை கற்கும் தம்பிகளுக்கும் முதல் நாளிலிருந்தே அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லிக்கொடுங்கள்.