கங்கைக் கரையில் கூடாரத்துக்குத் தடை, படகுக்கு அனுமதி: நதியைக் காக்க இது போதுமா?

ரிஷிகேஷ்: உத்தராகண்ட் மாநிலத்தின் தேவப்ரயாகில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்த பின்னரே அந்த ஆறு கங்கை என்ற பெயரைப் பெறுகிறது. அங்கிருந்து கீழே, கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரையிலான சுமார் 36 கிலோமீட்டர் தூரம்தான் நாட்டின் புகழ்பெற்ற ராஃப்டிங் பாதை. செப்டம்பர் முதல் ஜூன் வரை இங்கு ரப்பர் படகுகள் ஓடுகின்றன. மழைக்காலத்தில் மட்டும் ஆறு ஓய்வு பெறுகிறது.

ஒரு காலத்தில் இப்பாதையின் வெண்மணல் திட்டுகள் எங்கும் கூடாரங்கள் நிறைந்திருந்தன. வனத்துறை நிலத்தில் உரிமம் பெற்று நடத்தப்பட்ட அந்த முகாம்களில் முறையான கழிவுநீர் வசதி இல்லை என்பதே முக்கியக் குற்றச்சாட்டு. மணலில் தோண்டப்படும் கழிப்பறைக் குழியின் கசிவு இறுதியில் ஆற்றையே சேரும். இரவு விளக்குகளும் இரைச்சலும், நீர் அருந்தக் கரைக்கு வரும் வன உயிர்களை விரட்டும்.

இந்த வழக்கில் 2015 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் முக்கியத் தீர்ப்பை அளித்தது. உரிய ஒழுங்குமுறை வகுக்கப்படும் வரை கௌடியாலா - ரிஷிகேஷ் பகுதியில் முகாம் அமைக்கத் தடை விதித்த தீர்ப்பாயம், ராஃப்டிங்கால் பெரிய மாசு ஏற்படுவதில்லை எனக் கூறி அதனை அனுமதித்தது. பின்னர் நிபந்தனைகளுடன் முகாம் தடை தளர்த்தப்பட்டது. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், தெளிவான விதிகள் வகுக்கப்படும் வரை ராஃப்டிங், பாராகிளைடிங் உள்ளிட்டவற்றை நிறுத்திவைத்தது. அதே ஆண்டில் படகுகள் மீண்டும் ஆற்றில் இறங்கின.

இடம்பெயர்ந்த சிக்கல்

படகையும் கூடாரத்தையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. பயணியோ அவ்வாறு பார்ப்பதில்லை. பகலில் படகில் செல்பவருக்கு இரவில் தங்க இடம் வேண்டும். மணலில் இடமில்லாதபோது மலைச்சரிவு விடுதிகளும், ஹேவல் போன்ற கிளை ஆறுகளின் கரைகளும் அவரை வரவேற்கின்றன. மணல் முகாம் மழைக்காலத்துக்கு முன் பிரித்து அகற்றப்படும். கான்கிரீட் கட்டடம் நிலைத்து நிற்கும். அதன் கழிவும் ஓடை வழியாக அதே கங்கைக்குத்தான் வரும்.

தூரக் கணக்கிலும் குழப்பம் உண்டு. ஆற்றிலிருந்து 100 மீட்டர் என்றால், அந்த அளவு நீரின் நடுவிலிருந்து தொடங்குமா, கரையிலிருந்தா, வெள்ளம் எட்டும் எல்லையிலிருந்தா? குறுகிய மலைப் பள்ளத்தாக்கில் இந்த விடையே ஒரு முகாமின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

பாதுகாப்பும் இதனுடன் பிணைந்தது. மேலே பாகீரதியில் 260.5 மீட்டர் உயர டெஹ்ரி அணை உள்ளது. அணைகளின் நீர் திறப்புக்கு ஏற்பக் கீழே நீர்மட்டம் மாறும். மாலையில் உலர்ந்திருந்த மணல் காலையிலும் அவ்வாறே இருக்கும் என்ற உறுதி இல்லை.

இல்லாத சட்டம்

அமெரிக்காவில் 1968 முதல், தடையின்றி ஓடும் ஆறுகளைத் தேர்ந்தெடுத்துக் காக்கத் தனிச் சட்டம் உள்ளது. ஒவ்வொரு ஆற்றுக்கும் மேலாண்மைத் திட்டம் வகுக்கும்போது, எத்தனை பேரை அந்த ஆறு தாங்கும் என்பதும் கணக்கிடப்படுகிறது. இந்தியாவில் கங்கை 2008-ல் தேசிய நதியானது. குறைந்தபட்ச நீரோட்டத்துக்கான அறிவிக்கை 2018-ல் வந்தது. எனினும், பொழுதுபோக்குப் பயன்பாட்டை மையமாகக் கொண்ட தேசியச் சட்டம் இல்லை. வனம், மாசு, சுற்றுலா என மூன்று துறைகளின் விதிகளுக்கு இடையே ஆறு ஓடுகிறது.

இதன் சுமை உள்ளூர் இளைஞர்கள் மீது விழுகிறது. படகு வழிகாட்டிகளாகவும் சமையல்காரர்களாகவும் உள்ள அவர்களுக்கு, ஒவ்வொரு உத்தரவும் ஒரு பருவத்தின் வருமானம். மலை கிராமங்களிலிருந்து வெளியூருக்கு வேலை தேடிச் செல்லும் நிலையில், ஊரிலேயே கிடைக்கும் சில தொழில்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே, தடையா அனுமதியா என்பதைவிட, எத்தனை பேர், எந்த இடத்தில், எந்தக் கழிவு வசதியுடன் என்ற கேள்விகளே முதன்மையானவை. அந்த எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவித்து நடைமுறைப்படுத்தாத வரை, அடுத்த பருவத்தையும் நீதிமன்ற உத்தரவே தீர்மானிக்கக்கூடும்.