கழற்றத் தெரியாதவர்கள் உடைக்கத்தான் சொல்வார்கள்

வீடு மாறப் போகிறோம் என்று சொன்னால் போதும், வருகிற ஆளெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார். "சார், இது சுவரோட சேர்த்துச் செஞ்ச வார்ட்ரோப். கழட்டினா உடைஞ்சிடும். விட்டுட்டுப் போங்க."

நம் வயதுக்காரர்கள் பலர் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் செய்துகொண்ட மரச்சாமான் அது. பாதிப் பேர் இந்தப் பேச்சை நம்பி அப்படியே விட்டுவிடுகிறார்கள். மீதிப் பேர் வீட்டில் கடப்பாரை வேலை செய்கிறது.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்க்ரூ போட்டுச் சேர்த்த எதையும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பிரிக்கலாம். அது உடைவது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

முதலில் அலமாரிக்குள் விளக்கோ ஸ்விட்சோ இருந்தால் மெயினை அணைக்க வேண்டும். பிறகு டிராயர், அடுத்து கதவு. கதவை ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கீழ்க் கீலில் தொடங்கி, மேல் கீலைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். பிறகு தட்டுகள். சுவரை ஒட்டிய ஓரப்பட்டியில் பெயிண்டும் பசையும் ஒட்டியிருக்கும். அதைக் கத்தியால் கீறிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இழுத்தால் மைகா பெயர்ந்துவிடும். சுவரில் பிடித்திருக்கும் 'எல்' கிளாம்பைக் கழற்றும்போது இரண்டு பேர் பெட்டியைப் பிடித்தே தீர வேண்டும். நாம் ஸ்டூலில் ஏறவே வேண்டாம். கீழே நின்று சொன்னால் போதும்.

பலகைகளைச் சேர்க்கும் வட்டமான பூட்டு இருந்தால், திருப்புளியால் இடப்பக்கம் அரைச்சுற்று திருப்பினாலே பிடி விட்டுவிடும். இது தெரியாமல் சுத்தியலால் தட்டுவதால்தான் பலகையின் விளிம்பு பிய்கிறது. பின்பக்கத்து மெல்லிய பிளைவுட்டை முதலில் பிடுங்கவே கூடாது. பெட்டி கோணாமல் நிற்பது அதனால்தான். பெட்டியைத் தரையில் படுக்க வைத்த பிறகே அதில் கை வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பலகையிலும் டேப் ஒட்டி எண் போடுங்கள். ஸ்க்ரூக்களைத் தனித்தனிக் கவரில் போட்டு அதே எண்ணை எழுதுங்கள். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவுக்குப் பிடி குறைவு. அதனால் திரும்பப் பூட்டும்போது டிரில் மெஷினைத் தொடவிடாதீர்கள். கையால் முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றினால், ஸ்க்ரூ பழைய தடத்தில் 'டக்'கென்று விழும். அதன் பிறகு வலப்பக்கம் முறுக்கினால் போதும்.

எல்லா அலமாரியும் இப்படி வந்துவிடும் என்று சொல்லவில்லை. தலையில்லாத ஆணியை அடித்து, மூட்டெல்லாம் பசை பூசி, மேலே மைகா ஒட்டி மறைத்திருந்தால் பெட்டி உருப்படியாக வராது. அப்போதும் கதவு, டிராயர், கீல், கைப்பிடி எல்லாம் நம்முடையவைதான். அவற்றை ஏன் விட்டுவிட்டு வர வேண்டும்?

ஆனால் அப்படி ஒட்டிவைப்பது மரத்தின் விதியல்ல, செய்கிறவரின் சோம்பல். பணம் கொடுக்கும் நாமும் கேட்பதில்லை. டிசைன் புத்தகத்தைப் புரட்டி நிறம் பார்க்கிறோம், கைப்பிடி பார்க்கிறோம். "இதைக் கழற்ற முடியுமா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுகிறோம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதைக் கேளுங்கள். மூட்டுகளில் ஸ்க்ரூதான் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.