மதுரை புளிமா, எக்ஸ்போர்ட் என்ன மா?

இத்தாலிய மொழியில் 'அன்-கோ-ரா' என்று ஒரு சொல். முதல் அசையை அழுத்திச் சொன்னால் நங்கூரம். நடு அசையை அழுத்தினால் 'இன்னும்'. அச்சில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கள்தான்! பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும். கடைசி அசையிலேயே விழுந்தால் மட்டும் அதன் மேல் கட்டாயம் ஒரு கோடு போட்டு எழுதுவார்கள்.

நாமும் பள்ளியில் அசை பிரித்தவர்கள்தானே? மது-ரை, நிரை நேர், புளிமா. வை-கை, நேர் நேர், தேமா. ஆனால் நம் கணக்கு குறில், நெடில், ஒற்றை வைத்து. மதுரையில் எந்த எழுத்தை அழுத்திச் சொன்னாலும் மதுரை மதுரைதான். குறில் நெடிலானால்தான் வம்பு: பல் வேறு, பால் வேறு.

இத்தாலியில் 1680ல் பிறந்து மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவருக்கு இது தலைகீழ். அவர் தாய்மொழியில் அழுத்தம் மாறினால் பொருள் மாறும். உயிரின் நீளத்துக்கு அந்த வேலை இல்லை. அவர் நம் குறில் நெடிலை முறையாகப் படித்தார். தொன்னூல் விளக்கத்தில் யாப்புக்கும் இலக்கணம் எழுதினார். எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கிய பெருமையும் அவருக்கே தரப்படுகிறது.

இப்போது நம் கதைக்கு வருவோம். ஆங்கிலமும் அழுத்தம் பார்க்கும் மொழி. 'எக்ஸ்போர்ட்' என்பதில் முன்னால் அழுத்தினால் ஏற்றுமதி, பின்னால் அழுத்தினால் ஏற்றுமதி செய். 'எகானமி'யில் இரண்டாம் அசை, 'எகனாமிக்'கில் மூன்றாம் அசை. பி.காம். மூன்று வருடமும் இந்தச் சொற்களைப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எங்கே அழுத்துவது என்று ஒரு வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. கடைசியில் வேலைக்கான நேர்முகத் தேர்வில் 'தாய்மொழி வாடை அடிக்கிறது' என்று ஒதுக்குகிறார்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்து, தமிழ் மீடியத்தில் படித்தவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

இது நாக்கின் குறை இல்லை, பாடத்திட்டத்தின் குறை. ஆங்கில அகராதியில் உச்சரிப்பு போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? தேமா புளிமா மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அசை என்றால் என்ன என்று புதிதாக விளக்கவும் வேண்டாம்.

ஆங்கில வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம், வாய்விட்டு. முதலாம் ஆண்டிலேயே தொடங்கட்டும்.