விழுந்தவரைத் தூக்காதீர்கள்!

'ஐயா, சாதா ஊசி வேணாம். நரம்பு ஊசி போடச் சொல்லுங்க, அப்பத்தான் கேக்கும்' என்று எங்கள் பிரம்மதேசம் பக்கத்தில் சொல்லாத ஆளே கிடையாது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அந்த ஊசி நரம்புக்குள் போவதே இல்லை, தெரியுமோ? கையில் நீலமாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, அது ரத்தக்குழாய். நிஜமான நரம்பு வெள்ளை நூல் மாதிரி உள்ளே ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. அதில் தெரியாமல் ஊசி குத்திவிட்டால் கை விறுவிறுத்துப் போகும், நீங்கள் அலறிவிடுவீர்கள்!

சொல்லில் வந்த குழப்பம்தானே, போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். ஆனால் நரம்பு எது, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாததால் கண்ணெதிரே ஒரு குடும்பம் கஷ்டப்பட்டதைப் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். புளி உலுக்க மரம் ஏறினவர் கிளை முறிந்து விழுந்துவிட்டார். நாற்பது வயசு இருக்கும். மொபெட்டில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்தபடி என் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தார்கள். தலை முன்னால் தொங்கியது. 'இடுப்புல அடி போல இருக்கு, எண்ணெய் போட்டு நீவி வுடுங்க ஐயா' என்றார்கள். நான் தொடவில்லை. திண்ணையில் மெதுவாகப் படுக்கவைத்துக் கால் விரலை அசைக்கச் சொன்னேன். அசையவில்லை. கிள்ளினேன், தெரியவில்லை. கூட வந்த பையன் சொன்னான்: 'மரத்தடியில அசைச்சாரு ஐயா, நாந்தான் பார்த்தேன்.'

அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். நம் மூளையின் எடை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவுக்கு நடுவில்தான். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும்! மண்டையோடு என்ற கெட்டியான பெட்டிக்குள், மூன்று உறை சுற்றி, நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து கீழே இறங்கும் வால்தான் தண்டுவடம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் உடற்கூறு வகுப்பில் அதை முதன்முதலில் பார்த்தபோது 'இவ்வளவுதானா!' என்றுதான் தோன்றியது. சுண்டுவிரல் தடிமன், ஒன்றரை அடி நீளம். 31 ஜோடி நரம்புகள் இதிலிருந்து இரு பக்கமும் பிரிந்து போகின்றன. கழுத்துப் பகுதியிலிருந்து கைக்கும் மூச்சு இழுக்கும் உதரவிதானத்துக்கும், கீழ்ப் பகுதியிலிருந்து காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகின்றன. கட்டைவிரலை ஆட்ட வேண்டும் என்று மூளை நினைத்தாலும் இந்த ஒரே கயிறு வழியாகத்தான் கட்டளை இறங்க வேண்டும். வேறு வழியே இல்லை.

(இங்கே ஒரு விஷயம். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் தண்டுவடம் போய்விடும் என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். முதுகெலும்புக் கோவை இடுப்பு வரை நீண்டாலும், உள்ளே இருக்கும் வடம் இடுப்பெலும்பு வரிசையின் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழேதான் போகிறது. பயப்படாதீர்கள்.)

கை நரம்பு அறுந்தால் தைக்கலாம். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அது மறுபடி வளரும். தண்டுவடம் அப்படி இல்லை. நசுங்கியது நசுங்கியதுதான். ஆனால் மரத்திலிருந்து விழுந்த எல்லோருக்கும் விழுந்த உடனே வடம் நசுங்கிவிடுவதில்லை. சிலருக்கு எலும்பு மட்டும் உடைந்து அல்லது பிசகி நிற்கும். வடம் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும். அந்த நேரத்தில் தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர் தூக்கினால் நடு உடம்பு தூளி மாதிரி தொய்கிறது. உடைந்த எலும்பு வடத்தில் பாய்கிறது. அந்த மனிதருக்கு மொபெட்டில் வைத்ததால்தான் ஆயிற்று என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உள்ளே வீக்கம் கண்டும் போயிருக்கலாம். ஆனால் மரத்தடியில் விரல் அசைந்ததே!

நம்மவர்கள் நல்ல மனசுக்காரர்கள். யாராவது விழுந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். முதல் வேலையாகத் தலையைத் தூக்கி மடியில் வைத்துச் சோடா கொடுப்பார்கள். அதைத்தான் செய்யவே கூடாது. வண்டி மோதும், தீ பிடிக்கும் என்ற ஆபத்து இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்ளட்டும். ஹெல்மெட்டை உருவாதீர்கள். இன்னொருவர் 108-க்குப் போன் செய்து 'முதுகில் அடி' என்று சொல்லட்டும். வண்டி வர வழியே இல்லாத காட்டுக்குள் என்றால் ஒரு கதவுப் பலகை அல்லது பெஞ்சு கொண்டு வாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து, தலையும் முதுகும் இடுப்பும் ஒரே கட்டையாக உருளும்படி புரட்டி, பலகையை அடியில் தள்ளிப் படுக்கவையுங்கள். தலையின் இரு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கொடுங்கள். ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டு போவது வேண்டவே வேண்டாம். சாலை விபத்து என்றால் பணத்துக்கு யோசித்து நிற்காதீர்கள். எங்களுக்குப் பக்கத்து மேல்மருவத்தூரில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே உதவுகிறது.

அடுத்ததாக, என் சகோதர வைத்தியர்களுக்குக் கோபம் வந்தாலும் சொல்கிறேன். அடிபட்ட முதுகை இழுத்து, நீவி, சொடக்கு எடுப்பது வைத்தியமே இல்லை. எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்க்காமல் யாரும் கழுத்தைத் தொடக்கூடாது. அறுந்த வடத்தைச் சேர்க்கும் எண்ணெய் எங்களிடம் இல்லை. எந்த மருத்துவத்திலும் இன்னும் இல்லை. பக்கவாதத்தையும் நரம்புத் தளர்ச்சியையும் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷச் சட்டமே தடை செய்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டு சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகத் தெரிகிறதா?

நம்ம ஆளைப் புதுச்சேரிக்கு அனுப்பினேன். உயிர் பிழைத்தார், கால் வரவில்லை. வீடு திரும்பியதும் யாரோ சொன்னார்கள் என்று செங்கல்லைச் சுடவைத்து இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சூடு தெரியுமா? தோல் வெந்து, புண்ணாகி, ஆறு மாதம் ஆறவில்லை. தண்டுவடம் பாதித்தவர்களைச் சாகடிப்பது பெரும்பாலும் அந்த அடி அல்ல. படுக்கைப் புண்ணும், சிறுநீர்த் தொற்றும்தான். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும். சிறுநீர் எடுக்கும் முறையைச் சுத்தமாகக் கற்றுக்கொள்ள வேண்டும். கை கால் விறைத்துப்போகாமல் தினமும் மடக்கி நீட்ட வேண்டும். இதற்கு இதமான எண்ணெயும் மெல்லிய தொக்கணமும் உதவும். சித்த வைத்தியம் வந்து சேர வேண்டிய இடம் அதுதான், மரத்தடி அல்ல.

கால் போனால் எல்லாம் போயிற்று என்று நினைக்கிறவர்களுக்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்வேன். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் போய் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இளம் டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யக் கற்றார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூர் சி.எம்.சி.யில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி ராமகிருஷ்ணனுக்கு 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடி. கை, கால் இரண்டும் போயின. 1981-ல் 'அமர் சேவா சங்கம்' தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டு பேருக்கும் வடம் ஒட்டவில்லை!

எங்கள் ஆளும் இப்போது சக்கர நாற்காலியில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். புளி உலுக்கும் காலம் வந்தால் அவருக்குக் கடையில் இருப்பு கொள்ளாது. போன வருஷம் ஒரு பையன் கிளையிலிருந்து விழுந்து எல்லோரும் ஓடியபோது, கடைக்குள்ளிருந்து பெரிசாகக் கத்தியவர் அவர்தான். 'தொடாதீங்கடா! டீக்கடை பெஞ்சை எடுத்துனு போங்க!'

பையனுக்குக் கையில் மட்டும்தான் எலும்பு முறிவு. டீக்கடைக்காரருக்குத்தான் வருத்தம்... பெஞ்சு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வர நாலு நாள் ஆயிற்றாம்.